டேங்கின் அடியில் கிடந்தவை

லாரியின் எண்ணெய் டேங்கில், அளவு காட்டும் மிதவையைத் தவிர அசையும் பாகம் எதுவும் கிடையாது. தகட்டை வளைத்து, இரண்டு பக்கமும் மூடி, எண்ணெய் அலை அடிக்காமல் இருக்க உள்ளே இரண்டு மூன்று தடுப்புத் தகடு வைத்தால் டேங்க். அதனால்தான் அதைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை என்று நினைக்கிறேன். இஞ்சினுக்குக் கம்பெனிப் புத்தகம் உண்டு, பம்புக்கு உண்டு. டேங்கின் உள்பக்கத்தைக் கழுவுகிற வேலை மட்டும் மேஸ்திரி வாயிலிருந்து பையன் காதுக்கு வந்தது. இப்போது கேட்க அந்தப் பையன்களும் இல்லை.

1960களின் கடைசியில் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். ரேடியேட்டரும் டேங்கும்தான் அங்கே வேலை. லீ பஜாருக்கு மூட்டை ஏற்றிவரும் லாரிகள், சரக்கு இறக்கிய கையோடு எங்களிடம் வந்து நிற்கும். மேஸ்திரி இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பே தொழிலுக்கு வந்தவர். டேங்கை இறக்கியதும் அடியில் நிற்கும் கடைசிக் கால்படி எண்ணெயைக் கொட்ட விடமாட்டார். அதற்கென்றே ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு வைத்திருந்தார். அதில் ஊற்றித் தெளிய விட்டுப் பார்ப்பார். செந்நிறத் துகள் படிந்தால் டேங்கின் மேல்தகடு துருப்பிடித்திருக்கிறது. கருப்பாக வழவழத்தால் தண்ணீர் வெகுநாள் தங்கியிருக்கிறது. தேன் நிறத்தில் பிசின் ஒட்டினால் அது ஓடாமல் நின்ற வண்டி. மணல் கிடந்தால் பேரலில் பிடித்த எண்ணெய். “வண்டி எங்க போச்சு, எங்க நின்னுச்சு, எல்லாம் இதுலயே இருக்குது கண்ணு” என்பார். இந்த நாட்டில் எந்தக் காலத்தில் என்ன எண்ணெய் எரிந்தது, அதில் என்ன கலந்தது என்பதை நான் கற்றுக்கொண்டது அந்தத் தட்டில்தான்.

மேஸ்திரி சின்ன வயதில் கைவைத்தது ஃபோர்டு டிடி லாரி டேங்கில். மாடல் டி காரின் சட்டத்தை நீட்டி, ஒரு டன் ஏற்றும்படி 1917இல் அமெரிக்காவில் வந்த வண்டி அது. 1926இல் ஃபோர்டு இந்தியாவில் கம்பெனி தொடங்கியது. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் வண்டி பூட்ட ஆரம்பித்தது. டிடி வண்டியில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் சீட்டுக்கு அடியில் இருக்கும். பெட்ரோல் தன் எடையிலேயே கார்புரேட்டருக்கு இறங்கி வரும். டேங்கில் பெட்ரோல் குறைந்த நேரத்தில் செங்குத்தான மேடு வந்துவிட்டால், முன்னால் இருக்கும் இஞ்சின் மேலே போய்விடும், பெட்ரோல் ஏறாது. வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் மலை ஏற்றுவார்கள். டேங்குக்கு அடியில் அழுக்கு தங்க ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. அதைத் தாண்டி வந்த அழுக்கு நேரே கார்புரேட்டருக்குத்தான்.

அந்த நாளில் பெட்ரோல் 2 காலன் டின்களில் வந்தது. டின்னை உடைத்ததும் மெல்லிய ஆட்டுத்தோலைப் புனலில் விரித்து அதன் வழியாக ஊற்றுவார்கள். பதப்படுத்திய அந்தத் தோலைப் பெட்ரோலில் நனைத்துவிட்டால், பெட்ரோல் இறங்கும், தண்ணீர் மேலேயே தங்கிவிடும். டேங்கின் தகடும் சாதாரணத் தகடல்ல. இரும்பின் மேல், ஈயம் பெரும்பங்கும் வெள்ளீயம் சிறுபங்குமாகக் கலந்த பூச்சு இருக்கும். அமெரிக்க, ஐரோப்பிய வண்டிகளில் பல பத்தாண்டுகள் அந்தத் தகடுதான். பூச்சு இருக்கிற வரை துரு உள்ளே வராது. உள்ளே கம்பி விட்டுச் சுரண்டாதே என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம். சுரண்டிய இடத்தில் அடுத்த மழைக்காலமே துரு பூக்கும்.

யுத்தம் வந்து பெட்ரோல் ரேஷன் ஆனதும் பஸ்களும் லாரிகளும் கரியில் ஓடின. மதுரை டி.வி.எஸ். கம்பெனி அதற்கான கேஸ் பிளாண்ட் செய்து கொடுத்தது. வண்டியில் பொருத்திய உருளை அடுப்பில் அடுப்புக்கரியைக் கொட்டி, ஊதுவிசிறியைக் கையால் சுற்றிக் கனலாக்கி, அதில் வரும் வாயுவை வடிகட்டி இஞ்சினுக்கு விடுவார்கள். சுற்றுவது கிளீனர் வேலை. பெட்ரோல் என்பது கிளப்புவதற்கும், மேட்டில் கை கொடுப்பதற்கும் வைத்திருக்கும் கொஞ்சம்தான். அந்த வருஷங்களில்தான் டேங்குகள் அதிகம் கெட்டன என்பார் மேஸ்திரி. பெட்ரோலில் ஓடாத வண்டியில் டேங்க் எப்படிக் கெடும் என்று எனக்கு அப்போது புரியவில்லை. பகலில் சூடேறும்போது டேங்குக்குள் இருக்கும் காற்று விரிந்து மூடியின் துளை வழியாக வெளியேறும். இரவில் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றில் உள்ள ஈரம் மேல்தகட்டில் வேர்த்துச் சொட்டும். டேங்க் எவ்வளவு காலியோ அவ்வளவு வேர்வை. எண்ணெய் தொடும் தகடு நன்றாக இருக்கும், எண்ணெய் தொடாத மேல்தகடு துருவேறி உதிரும். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் தொழிலில் பாதி வந்துவிட்டது.

யுத்தம் முடிந்ததும் ராணுவம் விட்டுப்போன செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் லாரிகள் ஏலத்துக்கு வந்தன. கனடா ஒரு நாடு மட்டுமே அந்த யுத்தத்தில் 8 லட்சத்துக்கு மேல் ராணுவ வண்டிகள் செய்தது. நம் பக்கத்தில் டிஸ்போசல் வண்டி என்றே பெயர். முதலாளி ஆனவர்கள் பலருக்கு முதல் லாரி அதுதான். மாதக்கணக்கில் வெட்டவெளியில் நின்ற வண்டிகள்; டேங்கில் ராணுவப் பெட்ரோல் காய்ந்து கிடக்கும். அதோடு வந்த 20 லிட்டர் ஜெர்ரி கேன்கள் இன்றும் சில வீடுகளில் உண்டு. ஜெர்மன்காரர்கள் 1930களின் பிற்பகுதியில் உருவாக்கிய வடிவம் அது. உள்ளே பூச்சு உண்டு, மூடி ஒழுகாது. ஆங்கிலேயரின் மெல்லிய 4 காலன் டின்கள் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஒழுகியே பெட்ரோலைத் தீர்த்தன. கடைசியில் எதிரியின் கேனைப் பார்த்து அப்படியே செய்துகொண்டார்கள். பாத்திரத்தின் உள்பக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

காய்ந்த பெட்ரோல் பிசினை எடுப்பதுதான் எங்கள் வேலையிலேயே பொறுமை வேண்டிய வேலை. பெட்ரோல் காற்றோடு சேர்ந்து நாளாக ஆக முதலில் மஞ்சளாகும், பிறகு வார்னிஷாக ஒட்டும், கடைசியில் கருந்தாராக இறுகும். புளித்த வாடை அடிக்கும். அந்த வாடை சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. பட்டைகளைக் கழற்றி, டேங்கை இறக்கி, மிதவையை எடுத்துவிட்டு, முதலில் மண்ணெண்ணெயில் ஊற வைப்போம். இறுகியது அதற்கு மசியாது. பிறகு காஸ்டிக் சோடா. பாதி பேரலில் பச்சைத் தண்ணீர் விட்டு, சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பிறகு காய்ச்ச வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் அடிக்கும். ஆனால் காஸ்டிக் அந்த ஈயப்பூச்சையும் மெல்ல அரிக்கும். எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதற்குக் கணக்கு இல்லை. மேஸ்திரி கால் மணிக்கு ஒரு முறை ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பார்ப்பார். குச்சியில் பழுப்புக் கரைசல் வருகிற வரை விடலாம். சாம்பல் நிறம் தட்டினால் உடனே கொட்டிவிட வேண்டும்.

துருவுக்கு வேறு வைத்தியம். சங்கிலித் துண்டோ, பழைய நட்டுகளோ, கூரான சின்ன ஜல்லியோ உள்ளே போட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்க வேண்டும். சங்கிலி என்றால் ஒரு முனையில் கம்பி கட்டி வெளியே விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் போய்ச் சிக்கும். நட்டு என்றால் எண்ணிப் போட்டு எண்ணி எடுக்க வேண்டும். பெரிய டேங்கை இரண்டு பேர் பிடித்து உருட்டினால் தோள் இற்றுப்போகும். ஜாக்கி போட்டுத் தூக்கிய லாரியின் பின்சக்கரத்தில் டேங்கைக் கயிற்றால் கட்டி, இஞ்சினை முதல் கியரில் மெல்ல ஓட விடுவோம். அரை நாள் கழித்து வருவது செங்கல் நிறக் குழம்பு. அதற்கு மேலும் ஒட்டிய துருவுக்குத்தான் நீர்த்த ஆசிட். ஆசிட் துருவைத் தின்றதும் இரும்பைத் தின்னத் தொடங்கும். எடுத்ததும் சலவைச் சோடாக் கரைசலில் அலசி, வெயிலில் காய வைத்து, ஈரம் போன அடுத்த நிமிஷமே எண்ணெய் விட்டு நாலாபுறமும் சுழற்ற வேண்டும். சுத்தமான இரும்பு நம் ஊர்க் காற்றில் சாப்பாட்டு நேரத்துக்குள் செந்நிறமாகிவிடும்.

உள்ளே பார்க்க விளக்கு கூடாது. ஒரு பையன் வாசலில் நின்று முகக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்து, எண்ணெய் ஊற்றும் வாய் வழியாக உள்ளே அடிப்பான். இன்னொருவன் மிதவைத் துளையில் கண் வைத்துப் பார்ப்பான். மேகம் போட்ட நாளில் வேலை நிற்கும். அது நிற்பதில் மேஸ்திரிக்கு வருத்தமே கிடையாது. ஏனென்றால் எங்கள் தெருவிலேயே இன்னொரு பட்டறையில், காலி டேங்க்தானே என்று ஒருவர் கேஸ் வெல்டிங் நெருப்பை வைத்தார். பக்கவாட்டுத் தகடு தனியே பிய்ந்து எதிர்ச்சுவரில் அடித்தது. அவர் பிழைத்தார், வலது கை போய்விட்டது. பக்கத்தில் நின்ற பையன் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு மேஸ்திரி எங்களை உட்கார வைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நிரம்பிய டேங்கில் எரிவதற்குக் காற்று இல்லை. காலி டேங்கில்தான் ஆவி, காற்று இரண்டும் இருக்கிறது. பின்னாளில் புத்தகத்தில் பார்த்தேன்: காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதம் முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும். கணக்குப் போட்டால் 100 லிட்டர் டேங்குக்கு இரண்டு டீஸ்பூன் பெட்ரோல் ஆவியானாலே அந்த எல்லைக்குள் வந்துவிடும். மடிப்புகளிலும் பிசினுக்கு அடியிலும் அவ்வளவு எப்போதும் ஒளிந்திருக்கும். ஆவி காற்றைவிடக் கனமானது. மூடியைத் திறந்து வைத்தால் தானாகப் போய்விடாது. எங்கள் பட்டறையில் விதி ஒன்றுதான். சோடா வெந்நீரில் இரண்டு தடவை அலசி, நீராவி பாய்ச்சி, ஓட்டை மேலே வரும்படி டேங்கைச் சாய்த்து, ஓட்டைக்குக் கீழ் வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். பிறகு வெல்டிங் நெருப்பே இல்லாமல், தூரத்துக் கரி அடுப்பில் காய்ச்சிய செம்புக் கோலைக் கொண்டுவந்து, துத்தநாகம் கரைத்த ஆசிட்டைத் தடவி, ஈயத்தால் பற்ற வைக்க வேண்டும். 1934ஆம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும், ஆவி முழுக்கப் போனது என்று தேர்ந்தவர் சான்று கொடுக்காமல் எண்ணெய்த் தொட்டியில் சூட்டு வேலை கூடாது என்கின்றன. அந்தச் சட்டத்தின் சத்து ஒரு தாளில் அச்சாகி ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் ஒட்டப்பட்டிருந்தால் அந்தப் பையன் இன்று பேரன் எடுத்திருப்பான். எழுதாமல் விட்ட தொழிலில் ஒவ்வொரு பட்டறையும் அந்தப் பாடத்தை மறுபடி ரத்தத்தில் படித்தது.

பிறகு டீசல் வந்தது. 1950களின் தொடக்கத்தில் எண்ணூரில் லேலண்ட் காமெட் பூட்டத் தொடங்கினார்கள். 1954இல் ஜாம்ஷெட்பூரிலிருந்து டாடா மெர்சிடஸ் பென்ஸ் வந்தது. கையில் பழைய பெட்ரோல் ஃபார்கோ லாரி வைத்திருந்தவர்கள் என்ன செய்வார்கள்? பெட்ரோல் இஞ்சினைத் தூக்கிவிட்டு, மதராஸ் சிம்சன் கம்பெனி கொடுத்த பெர்கின்ஸ் பி6 டீசல் இஞ்சினை வைத்தார்கள். டேங்க் பழையதே. டீசல் இஞ்சினில் நாசில்களில் மிஞ்சும் எண்ணெய் திரும்பி வர ஒரு குழாய் வேண்டும். அதற்கு, பல வருஷம் பெட்ரோல் குடித்த டேங்கில் துளை போட்டுக் குழாய் பற்ற வைக்க வேண்டும். தொழில் தெரியாதவர்கள் கை சுட்டது பெரும்பாலும் இந்த வேலையில்தான். துளை போட்டு ஓட விட்டாலும் நிம்மதி கிடையாது. டீசல் பழைய பிசினை இளக்கி, மாதக்கணக்கில் வடிகட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

பெட்ரோல் வண்டி அழுக்கை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். டீசல் பம்ப் பொறுக்காது. 1951இல் தொடங்கிய பெங்களூர் மைக்கோ கம்பெனியின் பம்புதான் எங்கும் இருந்தது. அதில் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி மனிதத் தலைமுடித் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. துருத் துகள் ஒன்று போனால் கீறல். தண்ணீர் போனால் நாசில் முனை கெடும். அந்தக் காலத்து டீசலில் 1 சதவீதம் வரை கந்தகம் இருந்தது, அது தண்ணீரோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும் என்பது வேறு. வடிகால் போல்ட்டைத் தினமும் காலையில் தளர்த்தித் தண்ணீரை விடுவது கிளீனர் கடமை. ராத்திரி நிறுத்தும்போது டேங்கை நிரப்பி நிறுத்துவது அதைவிட நல்லது. ஆனால் முதலாளிகள் நிரப்ப விடமாட்டார்கள். இரவில் டீசலை உறிஞ்சி விற்றுவிடுவார்கள் என்ற பயம். நம்பிக்கை இல்லாத இடத்தில் டேங்குகள் காலியாக நின்று வேர்த்தன. தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் கருப்பாக, ஆடையாக ஒன்று படியும்; மேஸ்திரி பாசி என்பார். டீசலைத் தின்று வளரும் பூஞ்சணம் அது. கையில் எடுத்தால் இழுபடும். வடிகட்டியை ஒரே நாளில் அடைத்துவிடும். அதற்கு வெந்நீரும் சோடாவும் இரண்டு சுற்று, பிறகு ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் காயவைப்பது.

1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் இருந்த விலை வித்தியாசம் கலப்படக்காரர்களை வளர்த்தது. தட்டில் அதுவும் தெரிந்தது. மண்ணெண்ணெய் கலந்து ஓடிய வண்டியின் டேங்க், நாங்கள் கழுவாமலே பளிச்சென்று இருக்கும். கழுவிய அழுக்கெல்லாம் வடிகட்டியில் இருக்கும். டீசலுக்கு உள்ள வழவழப்பு மண்ணெண்ணெய்க்குக் கிடையாது. பிளஞ்சர் சீக்கிரமே தேய்ந்துவிடும். அதனால் சுத்தமான டேங்கைப் பார்த்தால் மேஸ்திரி டிரைவரைத் தனியே கூப்பிட்டு, “எங்க அடிக்கிறீங்க அண்ணே?” என்று கேட்பார்.

இந்த வேலைகளில் மிகக் கேவலமானது என்று நான் சொல்வது, குழாய் போட்டு வாயால் உறிஞ்சி எண்ணெய் எடுப்பது. அதைச் செய்யப் பையன்களைத்தான் விடுவார்கள். ஒரு வாய் உள்ளே போய்ப் புரையேறினால் நுரையீரல் வெந்துவிடும். பெட்ரோலில் அன்று ஈயம் கலந்திருந்தது. நாடு முழுக்க அது நின்றது 2000ஆம் வருஷம் பிப்ரவரியில்தான். அந்தப் பிசினைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்தது சின்னக் கைகள். அதே கையால் டீக்கடை பன் தின்றோம். கழுவிய குழம்பு சாக்கடைக்குப் போனது. மோட்டார் பட்டறைகள் குழந்தைகளை வைக்கக்கூடாத தொழில்களின் பட்டியலில் பிற்பாடு சேர்ந்தன. அந்தப் பட்டியல் எங்கள் தலைமுறைக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்று சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத எனக்கு மனம் வரவில்லை.

இப்போது பல வண்டிகளில் பிளாஸ்டிக் டேங்க், அது துருப்பிடிக்காது. பட்டறையும் மூடியாயிற்று. பழைய வண்டி வளர்க்கிற இளைஞர்கள் மட்டும் டேங்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு ஆசிட் வேண்டாம் என்கிறேன். பூச்சு போய்த் துருவேறிய டேங்க் என்றால், சலவைச் சோடாக் கரைசலை நிரப்பி, தகட்டைத் தொடாமல் ஓர் இரும்புக் கம்பியை நடுவே தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை டேங்குக்கும் பாசிட்டிவைக் கம்பிக்கும் கொடுத்தால், துரு இளகிக் கழன்றுவிடும், நல்ல இரும்பு தேயாது. ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் வெட்டவெளியில், பக்கத்தில் நெருப்பே இல்லாமல். அதற்கு முன்பு பெட்ரோல் ஆவி துளியும் மிஞ்சாமல் கழுவியிருக்க வேண்டும்.

அவர்கள் தலையில் இப்போது புதிதாக விழுந்திருப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், பழைய பிசினைக் கரைக்கும், ஈயப்பூச்சுக்கும் பழைய ரப்பர் குழாய்க்கும் ஆகாது. உள்ளே முன்பு யாரோ அடித்து வைத்த பூச்சு சில டேங்குகளில் தோலாக உரிந்து வருகிறது. நிறுத்தி வைக்கிற வண்டியில் இதை விட்டுவைக்காதீர்கள், முழுக்க வடித்து, டேங்கை உலர்த்தி, எண்ணெய் சுழற்றி, மூடிவிடுங்கள் என்கிறேன்.

போன மாதம் ஒரு பெட்ரோல் ஃபார்கோவின் டேங்க் வந்தது. அடிப்பிசின் விரல் தடிமனுக்கு இருந்தது. மூன்று சுற்று சோடா வாங்கியது. மேல்தகட்டில் குண்டூசித் துளைகள் ஆறு, ஈயத்தில் அடைத்தேன். கொடுக்கும்போது, வாய் வரை நிரப்பு தம்பி, முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பெட்ரோல் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பார் என்று சொல்லி அனுப்பினேன். அதில் செந்நிறம் வந்தால், வேறு எதையும் தொடாமல் டேங்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.